மரிக்காரைத் தள்ளி வைத்தவர்கள்

எஸ். ராமதாஸ் 2016ஆம் ஆண்டு சென்னையில் காலமானார். எஸ். ராமதாஸ் என்றால் பலருக்குத் தெரியாது. மரிக்கார் ராமதாஸ் என்றால் தெரியும். மேடை, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி என்ற நான்கிலும் நின்று இந்த நாட்டுத் தமிழ் நேயர்களைச் சிரிக்க வைத்த கலைஞன். அவன் சுமந்து திரிந்த பெயர் நம்முடைய பெயர். பேசிய பேச்சு நம்முடைய பேச்சு. அப்படிப்பட்டவன் போனபின் நான் கலந்து கொண்ட நம்மவர்களின் இலக்கியக் கூட்டம் ஒன்றிலேனும் அவனுக்காக ஒரு நிமிடம் எவரும் எழுந்து நிற்கவில்லை. இரங்கற் கட்டுரை எழுதச் சலிக்காத நம் பேனாக்கள் அந்த வாரம் மட்டும் மூடிக் கிடந்தன.

இது மறதி என்றால் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. மறதியல்ல, தீர்மானம் என்பதே என் குற்றச்சாட்டு. இலங்கைத் தமிழ் வானொலி நாடகத்தில் முஸ்லிம்களின் பங்கு பற்றிய ஒரு கலந்துரையாடலில், மரிக்கார் என்ற பாத்திரத்தையும் பேச வேண்டும் என்று நான் சொன்னபோது எழுந்த குரல்கள் இன்னும் காதில் இருக்கின்றன. "அது நம்மைக் கோமாளியாக்கின விஷயம். அதை ஏன் இப்ப கிளறுறீங்க?" என்றார் ஒருவர். "முஸ்லிம் பாத்திரத்தை முஸ்லிம் அல்லாத ஒருவர் நடித்துப் பரிகாசம் பண்ணினதை நம்முடைய பங்களிப்பாகக் காட்டுவதா?" என்றார் இன்னொருவர். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலோடுதான் என் சண்டை.

பிந்திப் பிறந்தவர்களுக்காகச் சில விபரங்கள். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற தொடர் நாடகம் போய்க்கொண்டிருந்தது. எழுதியவர் ராமதாஸ். அதில் நான்கு பேர், நான்கு நாக்குகள். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத்துப் பேச்சைப் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்கள வாடை வீசும் தமிழில் பேசினார். ராமதாஸ் மரிக்கார். நான்காவது ஆள் ஐயர். ஐயராக வந்தவர் யார் தெரியுமா? நமது பி. எச். அப்துல் ஹமீத். தொடருக்கு இருந்த வரவேற்பில் 1976இல் அது 'கோமாளிகள்' என்று திரைப்படமாயிற்று. 1978இல் அதே குழுவினர் 'ஏமாளிகள்' படத்திலும் வந்தார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே தமிழ்ப் படங்கள் எடுக்கப்பட்ட நாட்டில் இரண்டு படங்கள் ஒரு நகைச்சுவைக் குழுவை நம்பி எடுக்கப்பட்டன என்பது சின்ன விஷயமல்ல.

ஐயராக வந்தவர் அப்துல் ஹமீத் என்பதை மட்டும் இன்னொரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் நம் நண்பர்களின் வாதம் அந்த இடத்திலேயே கால் ஒடிந்து விழுகிறது. முஸ்லிம் அல்லாத ராமதாஸ் மரிக்காராக நடித்தது முஸ்லிம்களுக்கு அவமானம் என்றால், முஸ்லிமான அப்துல் ஹமீத் ஐயராக நடித்தது பிராமணர்களுக்கு அவமானம். அப்படி எவராவது நம்மில் சொல்வாரா? சொல்ல மாட்டார். "பாருங்கோ, எங்கட ஆள் ஐயர் பாசையை எவ்வளவு திறமாகப் பேசுறார்" என்றுதான் பெருமைப்பட்டோம், இப்போதும் பெருமைப்படுகிறோம். நம்மவன் மற்றவனைப் போலப் பேசினால் கலை. மற்றவன் நம்மைப் போலப் பேசினால் பரிகாசம். இந்த இரட்டை முழக்கோலை வைத்துக்கொண்டு எந்தக் கலையை அளக்கப் போகிறோம்?

பேச்சைப் பற்றித்தான் எல்லாப் பிரச்சினையும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். வானொலியில் தொப்பி தெரியாது. சாரம் தெரியாது, தாடி தெரியாது, குடுமியும் தெரியாது. ஒரு பாத்திரம் யார் என்பதை நேயருக்கு உணர்த்த எழுத்தாளனிடம் இருப்பது நாக்கு ஒன்றுதான். ஆகவே வட்டார வழக்கும் சமூக வழக்கும் வானொலியில் உடுப்பின் வேலையைச் செய்தன. "ஊட்டுக்கு வாங்கொ" என்று ஒருவன் சொன்ன மாத்திரத்தில் அவன் ஊர் என்ன, அவன் வீட்டு முற்றத்தில் காயும் உடுப்பு என்ன, உச்சியில் உம்மா ஆக்கி வைத்திருக்கும் கறி என்ன என்பதெல்லாம் கேட்பவன் மனதில் எழுந்து விடும். மேடையில் ஒரு முஸ்லிமைக் காட்ட அகலமான இடுப்புப் பட்டியும் தொப்பியும் போதும். நடிகன் வாயில் எந்தத் தமிழ் வந்தாலும் சபை ஏற்றுக்கொள்ளும். வானொலி அந்தக் குறுக்கு வழியை அடைத்து விட்டது. அங்கே பேச்சைப் படிக்காமல் மரிக்காராக முடியாது. மனிதனைக் காது கொடுத்துக் கேட்காமல் பேச்சைப் படிக்க முடியாது. ராமதாஸ் நம்மைக் கேட்டிருக்கிறார். கடைத்தெருவிலோ பஸ்ஸிலோ அயல் வீட்டிலோ, எங்கோ இருந்து நம் உம்மாமாரும் வாப்பாமாரும் பேசியதைக் கவனித்துக் கேட்டிருக்கிறார். அவமதிக்க வருகிறவன் அவ்வளவு நேரம் கேட்டுக் கொண்டிருப்பதில்லை.

தமிழகச் சினிமாவை எடுத்துப் பாருங்கள். அங்கே காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். சீறாப்புராணம் பிறந்த மண் அது. ஆனால் படத்தில் முஸ்லிம் என்று ஒருவர் வந்தால் பெரும்பாலும் அவர் வாயில் அரைகுறை உருதுவைத் திணித்து, 'நம்மள்கி', 'நிம்பள்கி' என்று பேச வைப்பார்கள். அதாவது, முஸ்லிமுக்குத் தமிழ் சரியாக வராது என்பது அந்தச் சினிமாவின் தீர்ப்பு. அவன் வெளியிலிருந்து வந்தவன். மொழி அவனுக்கு இரவல். இதற்கு எதிரே மரிக்காரை நிறுத்திப் பாருங்கள். மரிக்கார் பேசுவது பிழையான தமிழல்ல, இன்னொரு தமிழ். அது அவன் தாய்ப்பாலோடு குடித்த தமிழ். மொழி தடுமாறுகிற பாத்திரம் உபாலிதான், மரிக்கார் தடுமாறவில்லை. இந்த நுணுக்கமான வித்தியாசத்தை நம் விமர்சகர்கள் எவரும் கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை. இலங்கை முஸ்லிமுக்குத் தமிழ் சொந்தம், ஆனால் அவன் தமிழுக்கு ஒரு தனி முகம் உண்டு என்ற உண்மையை வாரந்தோறும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டு போய்ச் சேர்த்தது எந்த ஆய்வுக் கட்டுரையும் அல்ல.

இங்கே ஒரு பழைய கதையும் நினைவுக்கு வருகிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் நம் மூதாதையரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை படித்தார். நீங்கள் பேசுவது தமிழ், ஆகவே இனத்தாலும் நீங்கள் தமிழரே என்பது அதன் சாரம். சட்ட சபையில் நமக்குத் தனி இடம் தேவையில்லை என்ற அரசியல் அதன் பின்னால் இருந்தது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்குப் பதில் நூலே எழுதினார். எழுதியது நியாயம். ஆனால் அந்தச் சண்டையிலிருந்து நம் சமூகத்துக்கு ஒரு காய்ச்சல் தொற்றிக்கொண்டது. நம் பேச்சே நமக்கு எதிரான சாட்சி என்ற பயம். தமிழைத் தாய்மொழி என்று சொல்லத் தயக்கம். சொன்னாலும் வீட்டில் பேசும் தமிழைச் சபையில் காட்டத் தயக்கம். இராமநாதனுக்குப் பதில் சொல்ல நமக்குப் பத்தொன்பது வருடங்கள் பிடித்தன. ராமதாஸோ நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீ தமிழனா, சோனகனா, அரபியா என்று விசாரிக்காமல் நம் பேச்சை அப்புக்குட்டியின் பேச்சுக்குப் பக்கத்தில் சரி ஆசனம் போட்டு உட்கார வைத்தார். அப்புக்குட்டி மரிக்காரைத் திருத்தப் போகவில்லை. மரிக்கார் ஐயரைத் திருத்தப் போகவில்லை.

"சரி ஆசனமா? கோமாளி ஆசனமல்லவா?" என்று கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. பதிலுக்கு யாழ்ப்பாணத்தாரின் பேச்சு வழக்கு எந்த வாசலால் இலக்கியத்துக்குள் வந்தது என்று பாருங்கள். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு மேடையேற்றி 1940இல் 'நானாடகம்' என்று அச்சிட்ட நாடகங்கள் குடாநாட்டுப் பேச்சில் எழுந்தவை. அவற்றில் நகைச்சுவைக்குக் குறைவில்லை. வானொலியில் 'சானா' சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா' வந்தது. கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைட்' என்று தனி ஆளாக மேடையில் நின்று ஒரு பஸ் கண்டக்டரையும் முழு பஸ்ஸையும் காட்டிச் சனத்தை உருட்டி எடுத்தார். 2014இல் கனடாவில் அவர் மறைந்தபோது புலம்பெயர்ந்த தமிழ் உலகமே அழுதது. இவர்கள் தங்கள் பேச்சைச் சிரிப்பின் வழியாக மேடையேற்றினார்கள். அதன் பிறகு அதே பேச்சு சோகத்துக்கும் வந்தது, காதலுக்கும் வந்தது, போராட்டத்துக்கும் வந்தது. அறுபதுகளின் மரபுப் போராட்டத்தில் பண்டிதர்கள் இதை இழிசனர் வழக்கு என்று தூற்றியபோது, அந்த இழிசனர் வழக்கில்தான் வாழ்க்கை இருக்கிறது என்று முற்போக்கு எழுத்தாளர்கள் மார்தட்டினார்கள். நம்மவர் சிலரும் அந்த அணியில் நின்றவர்கள்தான். ஆனால் வெற்றிக்குப் பிறகு வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்தபோது வாப்பாவும் மகனும் பாடப்புத்தகத் தமிழில் பேசினார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. திக்குவல்லை கமால் தென்னிலங்கை முஸ்லிம்களின் பேச்சைக் கூச்சமில்லாமல் கதைக்குள் கொண்டு வந்தார். எஸ். எல். எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை'யைப் படிக்கும்போது கிழக்கு மண்ணின் வாடை மூக்கில் ஏறுகிறது. ஆனாலும் ஒரு கதையை வெளிமேடைக்கு அனுப்பும்போது நம் கை நடுங்கும் என்பது எழுதுகிற எல்லாருக்கும் தெரியும். என் கதையொன்றில் இருந்த 'வாப்பா' எல்லாவற்றையும் ஒரு பத்திரிகை ஆசிரியர் 'அப்பா' ஆக்கி, 'மவுத்து' என்பதை 'மரணம்' ஆக்கி, 'ராத்தா'வுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'அக்கா' என்று போட்டு வெளியிட்டார். பக்கத்து வீட்டு மனிதனுக்கு அகராதி போட்டது போல் இருந்தது. அதை விட வேதனை, கதையைப் படித்த நம் நண்பர் ஒருவர், "இப்பதான் கதை நல்லா வந்தீக்கி" என்று அசல் ஊர்ப் பேச்சிலேயே பாராட்டியது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். ஒலிபரப்புத் துறையில் நம் சமூகம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற குரல் அப்துல் ஹமீதின் குரல். கொண்டாடுவது முற்றிலும் தகும். 'பாட்டுக்குப் பாட்டு' என்றால் கடல் கடந்தும் அவர்தான். ஆனால் எதற்காகக் கொண்டாடுகிறோம்? அந்தக் குரலில் எந்த ஊர், எந்தச் சமூகம் என்று கண்டுபிடிக்க முடியாத தூய தமிழுக்காக. அறிவிப்பாளனுக்கு அது தகுதி. அவர் மீது எந்தக் குறையும் இல்லை. குறை கொண்டாடுகிற நம் மீது. முஸ்லிம் வாடை துளியும் இல்லாத தமிழைப் பேசிய முஸ்லிம் நமக்குப் பெருமை. முஸ்லிம் வாடையோடு தமிழ் பேசிய ராமதாஸ் நமக்கு வெட்கம். அப்படியானால் நாம் வெட்கப்படுவது ராமதாஸைப் பார்த்தல்ல. நம் வீட்டு வாசற்படியைப் பார்த்து.

மரிக்கார் என்ற பெயரையே எடுங்கள். மரக்கலத்தோடு சம்பந்தப்பட்ட பெயர் என்பார்கள். கிழக்கில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் என்பது பழைய ஒழுங்கு. ஊரில் மதிப்புள்ள பதவி. சி. ஏ. எஸ். மரிக்கார் 1956இல் பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் தபால், ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சர். வானொலியையே ஒரு மரிக்கார் ஆண்ட நாட்டில் வானொலி நாடகத்தில் ஒரு மரிக்கார் சிரிக்க வைத்தால் நம் மானம் போய்விடும் என்பது வேடிக்கை. (அமைச்சர் மரிக்கார் தனக்குள் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.)

இதையெல்லாம் சொல்வதால் ராமதாஸின் மரிக்கார் மீது எனக்கு வழக்கே இல்லை என்று எண்ண வேண்டாம். உண்டு. முதலாவது, அது ஒரு மரிக்கார்தான். திக்குவல்லை முஸ்லிமின் பேச்சு வேறு, அக்குறணை முஸ்லிமின் பேச்சு வேறு. 'மறுகா' என்று வசனத்துக்கு வசனம் போட்டுப் பேசும் அக்கரைப்பற்றுக்காரரின் நாக்கு கொழும்புக்காரரின் நாக்கல்ல. மன்னாருக்கு ஒன்று, யாழ்ப்பாணச் சோனகத் தெருவுக்கு இன்னொன்று. கொழும்பிலிருந்து ஒலிபரப்பான நாடகம் கொழும்புக் காதால் கேட்டதையே முஸ்லிம் பேச்சு என்று நாட்டுக்கு அறிவித்தது. கிழக்கில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்த நம் பிள்ளைகள், "இவர் யாரைப் போலப் பேசுறார்?" என்று வாப்பாவிடம் கேட்டிருப்பார்கள். இரண்டாவது வழக்கு இன்னும் கனமானது. அப்புக்குட்டியைக் கேட்டுச் சிரித்த நேயருக்கு அடுத்த நிகழ்ச்சியில் அதே பேச்சில் அழும் ஒரு தாய் கிடைத்தாள். காதலிக்கும் இளைஞன் கிடைத்தான். நீதி கேட்கும் விவசாயி கிடைத்தான். மரிக்காரைக் கேட்டுச் சிரித்தவருக்கு வேறு முஸ்லிம் கிடைக்கவில்லை. முஸ்லிம் சேவைக்குப் போனால் அங்கே நம்மவர்களின் நாடகங்களில் பெரும்பாலும் எல்லாரும் ஏட்டுத் தமிழில் நல்லொழுக்கம் போதித்துக் கொண்டிருந்தார்கள். கோமாளி ஒருபக்கம், போதகர் மறுபக்கம். நடுவில் இருந்த மனிதரை எவரும் ஒலிவாங்கிக்கு முன்னால் கூட்டி வரவில்லை.

ஆனால் இந்த இரண்டாவது வழக்கில் ராமதாஸ் பிரதிவாதியல்ல, நாம்தான். அவர் செய்ய வேண்டிய பாத்திரத்தைச் செய்து விட்டுப் போனார். அந்தப் பேச்சை அழவும் கோபப்படவும் வைத்திருக்க வேண்டியவர்கள் நாம். ஒரு சமூகத்துக்கு ஒரே ஒரு கோமாளி மட்டும் இருந்தால் அது அந்தக் கோமாளியின் குற்றமா?

சிரிப்பு வேறு, ஏளனம் வேறு என்பதை நம் தலைமுறை புத்தகத்தில் படிக்கவில்லை. 1983 ஜூலையில் இந்த நாட்டின் தெருக்களில் ஒருவனை நிறுத்தி, ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லி, அவன் நாக்கு புரளும் விதத்தை வைத்து உயிரை விடுவதா எடுப்பதா என்று தீர்மானித்தார்கள். நாடகத்தில் பாத்திரத்தை அறிமுகப்படுத்திய அதே நாக்கு தெருவில் மரண சாட்சியாயிற்று. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் மணித்தியாலக் கணக்கில் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவின் தமிழும் அவர்களோடு லொறியேறிப் புத்தளத்து அகதி முகாமுக்குப் போனது. 2014இல் அளுத்கம. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை போட்டதாக ஒரு வதந்தி. அடுத்த மாதம் திகன. கறியில் மிதந்த மாவுக் கட்டியை மாத்திரை என்று நம்பி ஒரு ஊரே எரியத் தயாரானது. நல்ல நகைச்சுவை எழுத்தாளன் ஒருவன் கையில் கிடைத்திருந்தால் சனம் வயிறு வலிக்கச் சிரித்துக் கலைந்திருக்க வேண்டிய சங்கதி அது. நம்மைப் பார்த்துச் சிரித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நம்மைப் பார்த்துப் பயந்தவர்களையும் கண்டிருக்கிறேன். கடைக்குத் தீ வைத்தவர்கள் பயந்தவர்கள்.

நாடகம் போட்டால் இனக்கலவரம் நிற்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 'கோமாளிகள்' வெளிவந்து ஏழாவது வருடமே 1983 வந்தது. நான்கு நாக்குகளும் ஒன்றாகக் கும்மாளமடித்ததைக் கேட்டு மகிழ்ந்த நாடு அதைத் தடுக்கவில்லை. ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோவே எரிந்தது. ஆனால் அந்தப் பழிக்கு மரிக்காரையும் அப்புக்குட்டியையும் இழுக்கிறவர்கள், அவர்கள் இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

"பிறர் ஏன் நம்மை நடிக்க வேண்டும், நம்மை நாமே நடிக்க மாட்டோமா?" என்பது கடைசியில் வரும் வாதம். நல்ல வாதம். நடித்தோமா? எங்கள் ஊரில் ஒரு காலத்தில் மீலாத் விழா மேடையில் கடைசி நிகழ்ச்சி ஹாஸ்ய நாடகமாக இருக்கும். நேரம் நடுச்சாமம் தாண்டியும் சனம் பாயைச் சுருட்டாது. சீதனம் கேட்கும் மாப்பிள்ளை, வட்டிக்கடை முதலாளி, கொழும்புக்குப் போய் வந்து ஊர்ப் பேச்சை மறந்தவன் என்று எல்லாரையும் எங்கள் பொடியன்களே போட்டு வாங்குவார்கள். பிறகு அந்த மேடை மெல்ல மெல்லச் சுருங்கியது. முதலில் பெண் வேடம் கூடாது என்றார்கள். அடுத்து இசை கூடாது என்றார்கள். அடுத்து நடிப்பே எதற்கு என்றார்கள். இலக்கியவாதிகளாகிய நாமாவது அந்தப் பொடியன்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். நின்றோமா? ஹாஸ்யம் இலக்கியமல்ல என்று நாமும் நம் பங்குக்கு மூக்கைச் சுளித்தோம். உலமாக்கள் ஒரு காரணம் சொல்லி மூடிய கதவை நாம் வேறொரு காரணம் சொல்லி வெளியிலிருந்து தாழ் போட்டோம். நம்மவர்களின் தொகுப்பு நூல்களையும் மாநாட்டு மலர்களையும் புரட்டிப் பாருங்கள்: கவிஞர்கள், சிறுகதையாளர்கள், ஆய்வாளர்கள், கலாபூஷணங்கள். அந்த மலர்களில் ஒரு நகைச்சுவை நடிகனின் படத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு ஊர்ப் பேச்சிலேயே சின்னச் சின்ன நகைச்சுவைக் காட்சிகள் எடுக்கிறார்கள். கிழக்கிலிருந்து வருபவற்றில் 'மறுகா' அப்படியே இருக்கிறது. எவரும் அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போடவில்லை. சில அலட்டல், சில கூச்சல், சிலவற்றில் மனைவியை அடிப்பதும் குண்டானவரைக் கேலி பண்ணுவதும்தான் சிரிப்பு. அவற்றை நானும் திட்டுகிறேன். ஆனால் சிலவற்றில் ஒரு கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரிடம் கடன் கேட்கிற அந்த மூன்று நிமிடத்தில், நம் பத்துச் சிறுகதைகளில் இல்லாத ஊர் இருக்கிறது. இவர்களைப் பற்றியும் நம் வட்டம் அதே வார்த்தையைத்தான் சொல்கிறது: "நம்மைக் கோமாளியாக்குகிறார்கள்." ராமதாஸுக்குச் சொன்ன அதே வசனம். இம்முறை நடிக்கிறவன் நம் வீட்டுப் பிள்ளை என்பதால் அவன் பிறப்பைக் குறை சொல்லவும் வழியில்லை. கொழும்பிலும் தெற்கிலும் நம் பிள்ளைகளில் பெருந்தொகையினர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். வீட்டில் எஞ்சி நிற்பது இந்தப் பேச்சுத் தமிழ் மட்டும்தான். அதில் சிரிக்கவும் கூடாதென்றால் அந்தப் பிள்ளைக்கு அந்தத் தமிழ் எதற்கு?

நான்கு கோமாளிகளும் ஆண்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. நம் சமூகத்தில் ஆளைச் சிரிக்க வைக்கும் முதல்தரக் கலைஞர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர்கூட ஆணல்ல. கல்யாண வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரின் நடையையும் பேச்சையும் இருந்த இடத்திலிருந்தே நடித்துக் காட்டும் மூத்தும்மாக்கள் அவர்கள். கிழக்கில் கவி சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். குத்தலும் கேலியும் அவர்களுக்கு நாக்கு நுனியில் நிற்கும். அந்தக் கவிகளைத் திரட்டி அச்சிட்டபோது நம்மவர்கள் காதலையும் பிரிவையும் மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுத்தார்கள். கேலிகளில் பல குசினியிலேயே தங்கி விட்டன. அவற்றைச் சொல்லத் தெரிந்தவர்களில் சிலர் இன்னும் ஹயாத்தோடு இருக்கிறார்கள். அடுத்த கல்யாண வீட்டில், சவன் சோற்றுக்கு உட்காருமுன், நம் எழுத்தாளர் எவராவது ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் ஒரு பெண்பிள்ளையை அனுப்பட்டும். "என்னத்துக்கு மகள் இதெல்லாம்?" என்று அவர்கள் முதலில் கேட்பார்கள். கேட்கும் விதத்திலேயே கூட இருப்பவர்கள் சிரித்து விடுவார்கள். அதையும் பதிவு செய்துகொண்டு வரச் சொல்லுங்கள்.